கணக்கில் வராத காத்திருப்பு

பல்லாவரத்திலிருந்து பம்மல், அனகாபுத்தூர் வழியாகக் குன்றத்தூர் போகும் சாலையில், சென்னைப் புறநகரின் மற்ற சாலைகளைப் போலவே, மூலமும் பௌத்திரமும் ஆபரேஷன் இல்லாமல் குணமாகும் என்று சொல்லும் விளம்பரங்களைச் சுவரிலும் மின்கம்பத்திலும் பார்க்கலாம். மலத்தில் ரத்தம் வந்தால் அது மூலம்தான் என்பது ஊரில் முன்பே எழுதி வைத்த தீர்ப்பு. பெரும்பாலானவர்களுக்கு அது சரியாகவே இருக்கும். சரியாக இல்லாத சிலருக்கு மட்டும், ஒரு நீண்ட காத்திருப்பு அங்கிருந்து தொடங்கிவிடுகிறது. எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் அந்த நாட்கள் ஏறுவதில்லை.

அந்தச் சிலருக்கு இருப்பது குடல் அழற்சி நோய். இதில் இரண்டு வகை உண்டு. பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகி ரத்தமும் சளியுமாகக் கழிவது அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். 1859-இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் இதைத் தனி நோயாகக் குறித்தார். மற்றொன்று கிரோன் நோய். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரக்கூடியது என்றாலும், சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் சந்திப்பில்தான் அதிகம் குடியேறும். குடல் சுவரின் முழு ஆழத்தையும் தாக்குவதால் சுருக்கம், சீழ்க்கட்டி, பௌத்திரம் என்று அது விடும் தடங்கள் பல. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் கிரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் மூவரும் 1932-இல் இதை விவரித்தார்கள். இரண்டு நோய்களும் பெரும்பாலும் இளம் வயதில் வருகின்றன. இரண்டையும் மருந்தால் அடக்கி வைக்கலாம். வேரோடு களைய இன்னும் வழியில்லை.

இது மேல்நாட்டு வியாதி, நம் ஊரில் அபூர்வம் என்ற பேச்சு மருத்துவர்களிடையேகூட நெடுங்காலம் இருந்தது. பஞ்சாபில் வீடு வீடாகச் சென்று நடத்திய கணக்கெடுப்பு 2003-இல் வெளியானபோது, லட்சம் பேரில் 44 பேருக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் இருப்பது தெரிந்தது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடியேறிய தெற்காசியர்களுக்கு அந்த நோய் அங்குள்ள வெள்ளையர்களைவிட இரு மடங்கு வருவதாக 1990-களின் தொடக்கத்திலேயே கண்டிருந்தார்கள். நோய் நம் உடலுக்கு அந்நியமானதே இல்லை. தேடிப் பார்க்கும் பழக்கம்தான் தாமதமாக வந்தது.

அறுவை சிகிச்சை எங்கே வருகிறது? மேலைநாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2013-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, கிரோன் நோய் கண்டறியப்பட்ட பத்து ஆண்டுகளுக்குள் 46.6 சதவீதம் பேருக்குக் குடல் அறுவை தேவைப்பட்டது. அல்சரேட்டிவ் கோலைட்டிஸில் அது 15.6 சதவீதம். புதிய மருந்துகள் இந்த விகிதத்தைக் குறைத்து வருகின்றன. ஆனாலும் சுருங்கி அடைத்துவிட்ட குடல், மருந்துக்கு மசியாத பெருங்குடல், புற்றாக மாறத் தொடங்கிய திசு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் கத்திதான் வழி. அதை நாள் குறித்து, உடலைத் தேற்றிச் செய்தால் திட்டமிட்ட அறுவை. குடல் அடைத்தோ ஓட்டை விழுந்தோ நள்ளிரவில் தூக்கிக்கொண்டு ஓடினால் அவசர அறுவை. 2015-இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு இந்த இரண்டுக்கும் இடையிலான தூரத்தை எண்களில் வைத்தது: அல்சரேட்டிவ் கோலைட்டிஸில் திட்டமிட்ட அறுவைக்குப் பின் இறப்பு 0.7 சதவீதம், அவசர அறுவைக்குப் பின் 5.3, கிரோன் நோயில் 0.6-உம் 3.6-உம். அவசரமாக வருபவர்கள் ஏற்கெனவே நலிந்தவர்கள் என்பதால் இந்த வித்தியாசம் முழுவதையும் தாமதத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனால் நாள் குறிக்கப்பட வேண்டிய ஒருவர் காத்திருந்து காத்திருந்து நள்ளிரவு வரிசைக்குத் தள்ளப்படும்போது, முதல் எண்ணிலிருந்து இரண்டாவது எண்ணுக்கு அவர் போகிறார் என்பதில் சந்தேகமில்லை.

பிரிட்டனில் இந்தக் காத்திருப்புக்கு ஒரு கடிகாரம் வைத்திருக்கிறார்கள். குடும்ப மருத்துவர் நிபுணருக்குக் கடிதம் எழுதியதும் அது ஓடத் தொடங்கும். 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும், 92 சதவீதம் பேருக்காவது அப்படி நடக்க வேண்டும் என்பது விதி. குடல் அழற்சி நோயாளிகளுக்கென்று அங்கே வகுத்த தரநிலைகளும், உடல்நிலை தேறியவுடன், அறுவைக்கு அனுப்பப்பட்ட 18 வாரத்துக்குள் திட்டமிட்ட அறுவையை முடிக்கச் சொல்கின்றன. விதி இருக்கிறது என்பதற்காக அது நடக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். கொரோனாவுக்குப் பின் 2023-இல் இங்கிலாந்தின் காத்திருப்புப் பட்டியல் 77 லட்சத்தைத் தாண்டியது. 92 சதவீத இலக்கு பல ஆண்டுகளாகவே எட்டப்படவில்லை. ஆனாலும் அந்த 77 லட்சம் என்ற எண்ணே மாதாமாதம் அரசு வெளியிட்ட எண். அதை வைத்துத்தான் நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டார்கள், தேர்தலில் வாக்குக் கேட்டார்கள்.

நம்மிடம் அந்த எண் கிடையாது. தமிழ்நாட்டில் குடல் அழற்சி நோய்க்கான திட்டமிட்ட அறுவைக்கு ஒருவர் சராசரியாக எத்தனை நாள் காத்திருக்கிறார் என்று கேட்டால், எடுத்துக் காட்டப் பொதுவெளியில் ஒரு பட்டியல் இல்லை. ஆகவே இங்கே காத்திருப்பை ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது; அது எந்தெந்த வாசலில் நிற்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். பார்க்கப் போனால், அறுவை அரங்கின் வாசலில் நிற்கும் காத்திருப்பைவிட, அந்த வாசலுக்கு வந்து சேரும் வரை நடக்கும் காத்திருப்பே பெரிதாக இருக்கிறது.

முதல் வாசல் பெயர். சீதபேதி, சூட்டுக் கழிச்சல், மூலக் கடுப்பு என்று வீட்டில் ஒரு பெயர், தெருமுனைக் கிளினிக்கில் ஒரு பெயர். மாத்திரை போட்டால் சில வாரம் அடங்கும், பிறகு திரும்பும். நோயின் இயல்பே எழுவதும் அடங்குவதும்தான் என்பதால், கடைசியாகச் சாப்பிட்ட மருந்துக்கு அந்தப் பெருமை போய்ச் சேரும். ஆசனவாய் அருகே பௌத்திரம் வந்து, அறுத்து, மறுபடி வந்து, மறுபடி அறுத்தவர்களில் ஒரு சிலருக்கு உள்ளே கிரோன் நோய் இருக்கும். குடலை உள்நோக்கும் கொலோனாஸ்கோபி செய்யாமல் அது தெரியாது. கூச்சமும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஒரு நாளைக்குப் பத்து முறை, பதினைந்து முறை கழிப்பறைக்கு ஓடும் இளம் பெண் அதை அம்மாவிடம் சொல்லவே மாதங்கள் ஆகலாம். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் போன்ற இடங்களில் ஷிப்ட் வேலை பார்ப்பவருக்குக் கண்காணிப்பாளரிடம் சொல்வது இன்னும் கடினம்.

இரண்டாவது வாசல் காசநோய். அதன் கதை இந்தப் பகுதிக்கே சொந்தமானது. அனகாபுத்தூரிலிருந்து சில கிலோமீட்டரில் தாம்பரம் சானடோரியம் இருக்கிறது. ரயில் நிலையத்துக்குப் பெயர் கொடுத்த அந்தக் காசநோய் மருத்துவமனையை 1928-இல் தொடங்கியவர் டேவிட் சௌரிமுத்து; 1937-இல் அது அரசின் கைக்கு வந்தது. அதற்கு முன் அவர் இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் ஒரு சானடோரியம் நடத்தினார். அங்கே 1917-இல் அவரிடம் சிகிச்சைக்கு வந்தவர்களில் ஒருவர் கணித மேதை ராமானுஜன். ராமானுஜனுக்குக் காசநோய் என்றே அன்று பலரும் கருதினார்கள். 1994-இல் அவருடைய நோய்க்குறிப்புகளை மறுபடி ஆராய்ந்த டி.ஏ.பி. யங் என்பவர், அது குடலில் தொடங்கிக் கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்க வேண்டும் என்று எழுதினார். அவர் சொன்னது சரியானால், காலத்தில் கண்டிருந்தால் குணப்படுத்தியிருக்கக்கூடிய நோய் அது.

குடல் நோய் காசநோயின் பெயரில் மறைந்துபோவது இன்றும் நடக்கிறது, வேறொரு உருவத்தில். குடலிலும் காசநோய் வரும். அதுவும் கிரோன் நோயைப் போலவே சிறுகுடல், பெருங்குடல் சந்திப்பைத்தான் பிடிக்கும். வயிற்று வலி, எடை இழப்பு, காய்ச்சல், குடல் சுருக்கம் எல்லாம் இரண்டுக்கும் பொது. கொலோனாஸ்கோபியில் பார்த்தாலும், திசுவை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாலும், பல சமயம் இதுவா அதுவா என்று அடித்துச் சொல்ல முடியாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் நிபுணர்கள் 1990-களிலிருந்தே இந்த வேறுபாட்டைத் திசுவில் தேடி எழுதியவை உலகெங்கும் எடுத்தாளப்படுகின்றன. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு உள்ள நாட்டில் மருத்துவர் என்ன செய்வார்? கிரோன் நோய்க்குத் தரும் ஸ்டீராய்டு காசநோயைக் கொழுந்துவிட்டு எரியச் செய்யும். ஆகவே சந்தேகம் இருந்தால் முதலில் காசநோய் மருந்து. அது நியாயமான முடிவுதான்.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. காசநோய் மருந்தை ஆறு மாதம் முழுதாக முடித்த பிறகுதான் மறுபரிசீலனை என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருப்பது கிரோன் நோயாகும்போது அந்த ஆறு மாதமும் அதற்கு இலவசமாகக் கிடைத்த காலம். தில்லி எய்ம்ஸ் மருத்துவர்களின் ஆய்வு ஒன்று இதை நேரடியாகவே காட்டியது: இருப்பது எது என்று அறியக் காசநோய் மருந்து கொடுக்கப்பட்ட கிரோன் நோயாளிகளுக்குக் குடல் சுருக்கம் உண்டாகும் வாய்ப்பு அதிகம். அழற்சியை மருந்தால் அடக்கலாம். தழும்பாகி இறுகிய சுருக்கத்தை எந்த மாத்திரையும் விரிக்காது. அதாவது, அறுவை தேவைப்படாமலே போயிருக்கக்கூடிய சிலரை இந்தக் காத்திருப்பே அறுவைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. இதற்கு மாற்றும் தெரிந்ததுதான். குடல் காசநோயாக இருந்தால் புண்கள் இரண்டு மூன்று மாதத்திலேயே ஆறத் தொடங்கும் என்பது இந்திய ஆய்வுகளிலேயே தெளிவானது. இரண்டாம் மாத முடிவில் மறுபடி கொலோனாஸ்கோபி செய்து பார்த்தால் நான்கு மாதம் மிச்சம். ஆனால் ஊசி, மயக்கம், பேதி மருந்து, ஒரு நாள் கூலி இழப்பு என்று முதல் கொலோனாஸ்கோபிக்கே பட்டபாடு நினைவிருக்கும்போது, கொஞ்சம் பரவாயில்லை என்று சொல்லும் நோயாளி இரண்டாவதற்கு வருவதில்லை. வரச் சொல்லி அழைக்க யாருக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்படவும் இல்லை.

காசநோய் நமக்குத் தாமதத்தை மட்டும் தரவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். குடல் காசநோயால் பல இடங்களில் சுருங்கிய குடலை வெட்டி எடுக்காமல், சுருக்கத்தை நீளவாக்கில் பிளந்து அகலவாக்கில் தைத்து விரிக்கும் முறையை இந்திய அறுவை மருத்துவர்கள் கையாண்டார்கள். ஆர்.என். கட்டாரியாவும் அவருடன் பணியாற்றியோரும் 1977-இல் பிரிட்டிஷ் அறுவையியல் இதழில் அதை எழுதினார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் இமானுவேல் லீ அந்த முறையைக் கிரோன் நோய்க்கு எடுத்துச் சென்று 1982-இல் வெளியிட்டார். இன்று உலகெங்கும் கிரோன் நோயாளிகளின் குடலை நீளம் குறையாமல் காப்பாற்றும் அறுவை, இந்தியக் காசநோயாளிகளின் வயிற்றில் பழகிய கையிலிருந்து போனது. அந்தப் பெருமை இருக்கும் நாட்டில், அதே அறுவை தேவைப்படுபவர் உரிய நேரத்தில் அதைப் பெறுவதற்குத் தடுமாறுவது வருத்தத்துக்குரியது.

நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அறுவை என்ற சொல் எளிதில் வாயில் வராது. மருந்து முதலில், கத்தி கடைசியில் என்பது மருத்துவர், நோயாளி, குடும்பம் என்று எல்லோருக்கும் பழகிய வரிசை. 2014 டிசம்பரில் சைடஸ் காடிலா நிறுவனம், அழற்சியை அடக்கும் உயிரியல் மருந்தான அடாலிமுமாபுக்கு உலகின் முதல் மாற்று மருந்தை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே வகையைச் சேர்ந்த இன்ஃப்ளிக்ஸிமாபுக்கும் உள்நாட்டு மாற்று வந்தது. விலை இறங்கியது. அப்படியும் ஒரு தறி நெசவாளரின் குடும்பமோ, பம்மலில் தோல் பட்டறைக்குப் போகும் குடும்பமோ மாதக்கணக்கில் தாங்கக்கூடிய செலவாக அது ஆகிவிடவில்லை. தாங்க முடியாதபோது மலிவான ஸ்டீராய்டில் நாள் ஓடுகிறது. முகம் உப்புகிறது, பசி எடுக்கிறது, நன்றாக இருப்பதுபோலத் தெரிகிறது.

கத்தி எப்போதும் கடைசியாகத்தான் வர வேண்டுமா என்ற கேள்விக்கு நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் நடந்த லிரிக் ஆய்வு பதில் தேடியது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் மட்டும் கிரோன் நோய் இருந்த 143 பேரில் ஒரு பாதிக்குத் துளை வழியே செய்யும் லேப்பராஸ்கோப்பி அறுவை, மறு பாதிக்கு இன்ஃப்ளிக்ஸிமாப். ஓராண்டுக்குப் பின் இரு தரப்பாரின் வாழ்க்கைத் தரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. நீண்டகாலத் தொடர் கண்காணிப்பில், அறுவை செய்துகொண்டவர்களில் 26 சதவீதம் பேர் அந்த வகை மருந்தைத் தொடங்க வேண்டியிருந்தது. இரண்டாவது முறை குடலை வெட்ட வேண்டிய நிலை ஒருவருக்கும் வரவில்லை. மருந்தில் தொடங்கியவர்களில் 48 சதவீதம் பேர் கடைசியில் அறுவைக்குத்தான் வந்தார்கள். மருந்துச் செலவு வீட்டைக் கரைக்கும் நம் ஊரில் இந்த முடிவுக்கு நெதர்லாந்தைவிட அதிக எடை உண்டு. நோய் ஒரே இடத்தில், குறைந்த நீளத்தில் இருப்பவரிடம் அறுவையையும் ஒரு முதல் வழியாக எடுத்துச் சொல்வது மருத்துவரின் கடமை. தோல்வியின் பெயராக அதை வைத்திருப்பதால்தான் பலர் நலிந்த பிறகு வந்து சேர்கிறார்கள்.

இனி மருத்துவமனை வாசல். குடல் அறுவையைத் தனித்துறையாக வளர்த்ததில் சென்னைக்கு நாட்டிலேயே முன்னிடம் உண்டு. மதராஸ் மருத்துவக் கல்லூரியில் என். ரங்கபாஷ்யம் அதற்கு அடித்தளம் இட்டார். ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி என்று பெரிய அரசு மருத்துவமனைகளில் அந்தத் துறை இயங்குகிறது. 2023 ஜூனில் கிண்டியில் 1,000 படுக்கைகளோடு கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை திறந்தது புறநகர் மக்களுக்குப் பயணத்தைக் குறைத்தது. தாம்பரத்திலும் 2025-இல் 400 படுக்கைகள் கொண்ட புதிய அரசுத் தலைமை மருத்துவமனை வந்திருக்கிறது. தொழிலாளர் காப்பீடு உள்ளவர்களுக்குக் கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி. தனியாரிலும் குரோம்பேட்டை, பெரும்பாக்கம் என்று கைக்கெட்டும் தூரத்திலேயே பெரிய மருத்துவமனைகள் நிற்கின்றன. அங்கே அறுவைத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பணம் புரட்டும் வரையிலான நாட்கள்தான் காத்திருப்பு.

அரசு மருத்துவமனையில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஓ.பி. நாள் ஒன்று, தியேட்டர் நாள் ஒன்று. அந்த நாளின் லிஸ்டில் எத்தனை பெரிய அறுவை முடியும்? ஒரு பெருங்குடலை முழுதாக எடுக்கவே பல மணி நேரம் ஆகும். வயிற்றுப் புற்றும் கணையப் புற்றும் அதே லிஸ்டுக்குத்தான் வருகின்றன. புற்று என்றால் முன்னுரிமை, அதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. அவசரக் கேஸ் வந்தால் லிஸ்டே கலையும். உயிருக்கு உடனடி ஆபத்தில்லை என்று எழுதப்பட்ட குடல் அழற்சி நோயாளி இந்த வரிசையில் பின்னுக்குப் போய்க்கொண்டே இருப்பார். பிரிட்டனில் கொரோனாக் காலத்தில் அறுவைகளை ஒரு மாதத்துக்குள், மூன்று மாதத்துக்குள் என்று அவசரத்தின் அளவில் தரம் பிரித்தார்கள். அப்படிப் பிரிக்காத இடத்தில் புற்று, புற்று இல்லாதது என்ற இரண்டே பெட்டிகள்தான் மிஞ்சும். எடை 38 கிலோவுக்கு வந்துவிட்ட கிரோன் நோயாளிக்கு இரண்டாவது பெட்டி நியாயமான இடம் இல்லை.

தேதி கிடைத்த பிறகும் சில்லறைத் தடைகள் உண்டு. மயக்க மருத்துவரின் ஃபிட்னஸ் வேண்டும். ரத்தம் ஏற்பாடாக வேண்டும். காப்பீட்டு முன் அனுமதி வர வேண்டும். 2009-இல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடப்பது ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு. மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்த பின் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு. இது ஏழைக் குடும்பங்களுக்குக் கிடைத்த பெரிய கை. ஆனால் அந்த வருமான வரம்பை மாதத்துக்குப் பிரித்தால் 10,000 ரூபாய். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் புறநகர்க் குடும்பம் பல சமயம் அதைத் தாண்டிவிடும். தனியார் மருத்துவமனைக் கட்டணத்தை எட்டவும் முடியாது. நடுவில் நிற்கும் இவர்கள்தான் அரசு மருத்துவமனை வரிசைக்கும் கந்து வட்டிக்கும் இடையில் நாட்களைக் கழிக்கிறார்கள்.

பயணத்தைப் பற்றி நோயில்லாதவர்கள் யோசிப்பதில்லை. அனகாபுத்தூரிலிருந்து பல்லாவரத்துக்குப் பேருந்து, அங்கிருந்து பார்க் நிலையத்துக்கு மின்சார ரயில், இறங்கினால் எதிரே பெரியாஸ்பத்திரி என்று மக்கள் சொல்லும் அரசுப் பொது மருத்துவமனை. ஆரோக்கியமானவருக்கு இது எளிய வழி. கால் மணிக்கு ஒரு முறை கழிப்பறை தேடுபவருக்கு ஒவ்வொரு நிறுத்தமும் சோதனை. முந்தைய நாளிலிருந்தே பட்டினி கிடந்து ரயில் ஏறுவதுதான் இவர்களுக்குத் தெரிந்த வழி. ஏற்கெனவே எடை இழந்த உடம்பு மேலும் இழக்கிறது. 2025 மே மாதம் அடையாற்றங்கரையில் அனகாபுத்தூரின் குடியிருப்புகள் பல இடிக்கப்பட்டு, அங்கிருந்த குடும்பங்கள் பெரும்பாக்கம் முதலிய இடங்களுக்கு மாற்றப்பட்டன. அப்படிப் போனவர்களில் நாட்பட்ட நோயாளிகளுக்குப் பழகிய மருத்துவமனை, பழகிய மருத்துவர், பழகிய வழி எல்லாம் ஒரே வாரத்தில் தூரமாயின.

அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் நோயாளிக்கு இந்த வாசல்கள் ஒரு முறையோடு முடிவதில்லை. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் ஆலன் பார்க்ஸும் ஜான் நிக்கல்ஸும் 1978-இல் விவரித்த முறைப்படி, பெருங்குடலை எடுத்துவிட்டுச் சிறுகுடலையே மடித்துப் பையாகத் தைத்து ஆசனவாயோடு இணைப்பார்கள். உடல் நலிந்தவருக்கு இதை மூன்று கட்டமாகச் செய்வது வழக்கம்: முதலில் பெருங்குடலை எடுத்து வயிற்றில் துளையிட்டு வெளியே பை; சில மாதம் கழித்து உள்ளே பை; இன்னும் சில வாரம் கழித்து வெளித்துளையை மூடுவது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு லிஸ்ட், ஒரு ஃபிட்னஸ், ஓர் அனுமதி. முதல் கட்டம் முடிந்ததும் ரத்தப்போக்கு நிற்கிறது, நோயாளி தேறுகிறார். தேறிவிட்டார் என்பதாலேயே அடுத்த கட்டத்துக்கு அவருடைய அவசரம் குறைந்துவிடுகிறது. மூன்று மாதத்துக்கு என்று வைத்த வெளிப்பையோடு ஓராண்டைக் கழிக்க நேர்ந்தால், பை வாங்கும் செலவும் தோல் புண்ணும் வேலைக்குப் போக முடியாத தயக்கமும் அந்தக் குடும்பத்தின் மேல் விழுகின்றன.

பெண்களின் காத்திருப்புக்கு இன்னொரு கணக்கு உண்டு. இடுப்புக்குழிக்குள் பை அமைக்கும் அறுவைக்குப் பின் கருத்தரிப்பதில் சிக்கல் கூடுகிறது. 2006-இல் வெளியான தொகுப்பாய்வு, மருந்துச் சிகிச்சையில் இருந்தவர்களில் 15 சதவீதமாக இருந்த குழந்தையின்மை, பை அறுவைக்குப் பின் 48 சதவீதமானதாகக் கண்டது. அவை திறந்த அறுவைக் காலத்து எண்கள். லேப்பராஸ்கோப்பி அறுவையில் பாதிப்பு குறைவு என்கிறார்கள். எப்படியும், பெருங்குடலை மட்டும் இப்போது எடுத்துவிட்டு, உள்பையைப் பிள்ளைப்பேறு வரை ஒத்திப்போடுவது அறிவார்ந்த காத்திருப்பு. கல்யாணம் ஆகட்டும், அதுவரை எந்த அறுவையும் வேண்டாம், வெளியே தெரிந்தால் வரன் அமையாது என்று வீட்டார் ஒத்திப்போடுவது வேறு. முன்னதை முடிவு செய்பவள் அந்தப் பெண். பின்னதில் அவளிடம் யாரும் கேட்பதில்லை.

இங்கே ஒரு பாகுபாட்டைத் தெளிவாக வைக்க வேண்டும். எல்லாக் காத்திருப்பும் கெட்டதில்லை. ரத்தசோகையோடும், ஆல்புமின் குறைந்தும், தினம் 20 மில்லிகிராமுக்கு மேல் ஸ்டீராய்டை ஆறு வாரத்துக்கும் அதிகமாக எடுத்துக்கொண்டும் வருபவரை உடனே மேசையில் ஏற்றினால் தையல் பிரியும், சீழ் பிடிக்கும். ஊட்டச்சத்தைத் தேற்றி, இரும்புச்சத்து ஏற்றி, ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து, சீழ்க்கட்டியைக் குழாய் வைத்து வடித்து, புகைப்பதை நிறுத்தவைத்துச் சில வாரம் எடுத்துக்கொள்வது சிகிச்சையின் பகுதி. தறியில் பாவு ஏற்றும் முன் நூலுக்குக் கஞ்சி போடுவதுபோல, அறுவைக்கு உடலைப் பதப்படுத்தும் காலம் அது. ஆனால் வீட்டுக்குப் போய்விட்டு அடுத்த மாதம் வாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அதே சில வாரத்தில் எடை இன்னும் குறையும், ஸ்டீராய்டு தொடரும், சுருக்கம் இறுகும். நாட்காட்டியில் இரண்டும் ஒரே அளவு காலம்தான். ஓர் உணவியல் நிபுணரும் வாரம் ஒரு முறை தொலைபேசியில் கூப்பிட்டு விசாரிக்கும் ஒரு செவிலியரும் இருந்தால் இரண்டாவதை முதலாவதாக மாற்றிவிடலாம். பெரிய கட்டடமோ இயந்திரமோ தேவைப்படாத வேலை இது.

கொரோனா வந்த 2020, ஒத்திப்போடுவதன் விலையை உலகுக்கே காட்டியது. 12 வார முடக்கத்தில் உலகம் முழுவதும் 2.8 கோடி அறுவைகள் தள்ளிப்போகும் என்று அந்த ஆண்டு மே மாதம் மருத்துவர்களின் பன்னாட்டுக் குழு மதிப்பிட்டது. இந்தியாவின் பங்கு 5.8 லட்சத்துக்கு மேல். சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகள் கொரோனா வார்டுகளாயின. அப்போது தள்ளிப்போன குடல் அறுவைகள் எத்தனை, அவற்றுக்குக் காத்திருந்தவர்களில் எத்தனை பேர் பிறகு அவசரமாக வந்தார்கள் என்று திரும்பிப் பார்க்கும் கணக்கு எதுவும் வெளியாகவில்லை. எண்ணாமல் விட்டதைத் திரும்பப் பெற முடியாது.

தமிழ்நாட்டுக்கு இது முடியாத காரியமா என்றால், இல்லை. 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை அவனுடைய பெற்றோர் கொடையளித்த பின், மாநிலம் முழுவதும் உறுப்பு மாற்றுக்கு ஓர் ஒழுங்கு உருவானது. இன்று டிரான்ஸ்டான் அமைப்பு அதை நடத்துகிறது. எந்த உறுப்புக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது பதிவில் இருக்கிறது. முன்பின் மாற்ற முடியாத விதி இருக்கிறது. நாடே அதைப் பார்த்துப் பின்பற்றியது. ஸ்டான்லி மருத்துவமனையில் கல்லீரல் மாற்று அறுவை செய்வதும் குடல் அறுவைத் துறைதான். கல்லீரலுக்குக் காத்திருப்பவருக்குப் பதிவு எண் உண்டு. அதே துறையில் குடல் அறுவைக்குக் காத்திருப்பவருக்கும் ஓர் எண் கொடுக்க அறிவோ மென்பொருளோ குறைவில்லை.

மாநில மக்கள் நல்வாழ்வுத் துறை செய்ய வேண்டியது நான்கு தேதிகளைப் பதிவு செய்வது. அறிகுறி தொடங்கியதாக நோயாளி சொன்ன தேதி, முதல் கொலோனாஸ்கோபியின் தேதி, அறுவை வேண்டும் என்று முடிவெடுத்த தேதி, அறுவை நடந்த தேதி. குடல் அறுவைத் துறை உள்ள ஒவ்வோர் அரசு மருத்துவமனையும் இந்த நான்கையும் ஆண்டுக்கு ஒரு முறை வெளியிட்டால், எந்த வாசலில் கூட்டம் தேங்குகிறது என்று தெரிந்துவிடும். காப்பீட்டுத் திட்டத்தின் முன் அனுமதிப் படிவங்களில் இந்தத் தேதிகளைக் கேட்கத் தொடங்கினாலே பாதிக் கணக்கு கைக்கு வந்துவிடும். குடல் காசநோய்க்கு மருந்து தொடங்குபவர்களை இரண்டாம் மாத முடிவில் மறுபரிசோதனைக்கு அழைக்கும் பொறுப்பை, வீட்டுக்கே தேடிப்போகும் காசநோய்ப் பணியாளர்களிடம் கொடுக்கலாம்.

வாசகருக்கு ஒன்று. மலத்தில் ரத்தமோ, நிற்காத வயிற்றுப்போக்கோ, காரணமில்லாத எடைக் குறைவோ நான்கு வாரத்தைத் தாண்டினால், குறிப்பாக வயது முப்பதுக்குள் இருந்தால், மூலம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் சொல்லி, குடல்நோய்ப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். அறுவை என்று முடிவானால், எந்தத் தேதியில், அதுவரை என்ன சாப்பிட வேண்டும், ஸ்டீராய்டை எப்படிக் குறைக்க வேண்டும், வலி கூடினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.